காலையில் ஒரு பெயர், மாலையில் வேறொரு பெயர்: யாழ்ப்பாணத்து வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய வைத்தியர்களே,

அரச வைத்தியசாலைகளின் மருந்து வழங்கும் யன்னலுக்குப் பின்னால் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியையும், ஓய்வுபெற்ற பின்னர் நகரத்துத் தனியார் மருந்தகம் ஒன்றில் சில காலத்தையும் கழித்த மருந்தாளன் ஒருவன் இந்த மடலை எழுதுகிறேன். பகலில் யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை வைத்தியசாலைகளிலும் கடமையாற்றி, மாலையில் தனியார் நிலையங்களில் நோயாளரைப் பார்க்கும் உங்களுக்கும், உங்களைப் பார்த்துத் தொழில் பழகும் மருத்துவபீட மாணவர்களுக்கும் இது உரியது. சுகாதார அமைச்சுக்கு எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அமைச்சுக்கு எழுதுவதற்கு நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. கம்பனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப் பெயரை எழுதுங்கள் என்பது முதலாக நான் கேட்கவிருப்பவற்றுக்கோ வர்த்தமானி அறிவித்தலும் வேண்டியதில்லை, அமைச்சரவைப் பத்திரமும் வேண்டியதில்லை. நீங்கள் மனம் வைத்தால் வருகிற திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.

காலையில் கிளினிக்கில் நோயாளியின் கொப்பியில் பிரஷருக்கு லொசாட்டன், நீரிழிவுக்கு மெற்போமின், கொலஸ்ரோலுக்கு அற்றோர்வாஸ்ரற்றின் என்று எழுதுகிறீர்கள். எந்தக் கம்பனி செய்தாலும் மருந்துக்கு உரிய அந்தப் பொதுப் பெயர்களிலேயே அரச களஞ்சியத்தில் மருந்துகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் நீங்கள் படித்ததும் அந்தப் பெயர்களைத்தான். அதே நாள் மாலை, அதே பிரஷரோடும் அதே நீரிழிவோடும் சனல் பண்ணி, அதாவது கட்டணம் கட்டி நேரம் பதிந்து வரும் இன்னொருவருக்கு, அந்த மூன்று மருந்துகளும் மூன்று கம்பனிகள் சூட்டிய வியாபாரப் பெயர்களில் எழுதப்படுகின்றன; அவற்றோடு ஒரு விற்றமின் குளிசையும், வயிற்றெரிவு என்று நோயாளி சொல்லாவிட்டாலும் ஒரு வயிற்றுக் குளிசையும் சேர்ந்துகொள்கின்றன. எழுதும் கையும் ஒன்று, படித்த படிப்பும் ஒன்று. இடையில் நடந்தது என்ன என்பதே இந்த மடலின் கேள்வி.

இதை வெறும் பெயர்ப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வயதான அம்மா, எழும்பி நின்றால் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு, தலைச்சுற்றுக்குக் குளிசை வாங்க வந்தார். என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது கைப்பையைக் கவிழ்த்தார். அரச கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறையில் பேனாவால் ‘லொசாட்டன்’ என்று எழுதியிருந்தது. தனியாரிடம் வாங்கிய மினுங்கும் அட்டையில் ஒரு கம்பனிப் பெயர் பெரிதாகவும், அதன் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் லொசாட்டன் என்றும் இருந்தது. “அம்மா, இரண்டும் ஒரே மருந்து” என்றேன். “இல்லைத் தம்பி, அது ஆசுப்பத்திரிக் குளிசை, இது டொக்டர் எழுதித் தந்தது” என்றார். இரண்டையும் ஒழுங்காக, நேரம் தவறாமல், இரண்டு மடங்காக விழுங்கிவந்திருக்கிறார். அவரைப் பார்த்த இரண்டு வைத்தியர்களிலும் பிழை கண்டுபிடிப்பது கடினம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு மருந்துத் துண்டுகளிலும் ஒரே பெயர் இருந்திருந்தால், அந்த அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும், அவருடைய பேரப்பிள்ளைக்காவது தெரிந்திருக்கும்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயரும் பதிவில் இன்னொரு பெயரும் இருப்பது வழக்கம். அதனால் காணி உறுதி எழுதும்போது வரும் வில்லங்கங்களை எல்லாரும் அறிவோம். மருந்துக்கு இருபது பெயர் இருந்தால் வரும் வில்லங்கம் உடம்பில் வருகிறது. கிளினிக்குக்கும் போய்த் தனியாரிடமும் காட்டுகிற பழக்கம் இங்கே பரவலாக உள்ளது. ஆகவே அந்த அம்மாவின் கைப்பை ஒரு விதிவிலக்கு அல்ல.

இனிப் பணத்தின் கதை. வியாபாரப் பெயரில் எழுதப்பட்ட துண்டோடு வருபவர், நாட்சம்பளத்துக்குப் போகிறவரானால், “முழுக்க வேண்டாம், அஞ்சு நாளுக்கு வெட்டித் தாங்கோ” என்பார். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவோம். காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் அட்டையின் ஒரு முனையில் மட்டுமே அச்சடிக்கப்பட்டிருக்கும். அந்த முனை யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போய்விடும், மிச்சம் வாங்குபவர் கையில் பெயரும் இல்லாத, திகதியும் இல்லாத ஒரு துணுக்கு இருக்கும். ஆறாம் நாள் அவர் வரமாட்டார். சம்பளம் வந்த பிறகு வருவார், அல்லது வராமலே விடுவார். அதே மருந்து இரத்மலானையில் அரச மருந்துப் பொருட்கள் உற்பத்திக் கூட்டுத்தாபனம் செய்வதாகவோ, அரச மருந்தகமான ஒசுசலவில் குறைந்த விலைக்குக் கிடைப்பதாகவோ இருக்கலாம். ஆனால் “டொக்டர் எழுதினதுதான் வேணும்” என்று நிற்பவரிடம் மருந்தாளரின் சொல் எடுபடாது. உங்கள் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பைத்தான் கம்பனிகள் வாடகைக்கு எடுக்கின்றன.

கடுமையான சொல்தான்; ஆனால் அதை இலஞ்சம் என்று யாரும் திருப்பிச் சொல்லிவிட வேண்டாம். நான் அறிந்த வைத்தியர்களில் பணத்துக்கு மருந்தெழுதும் மனிதர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் விடயத்தில் நடப்பது வேறு. மருந்துக் கம்பனியின் பிரதிநிதி, அதாவது நாம் எல்லாரும் ‘றெப்’ என்று அழைக்கும் அந்தப் பிள்ளை, பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பிள்ளை, மாத இலக்கு என்ற பாரத்தைத் தோளில் சுமந்துகொண்டு, நோயாளர் வரிசைக்குப் பக்கத்தில் பையோடு நிற்கிறது. கதவு திறந்ததும் இரண்டு நிமிடம். ஒரு மாதிரி அட்டை, ஒரு வழவழப்பான துண்டுப்பிரசுரம், ஒரு பேனா, பிள்ளையின் பரீட்சை எப்படி என்ற விசாரிப்பு. மாதக் கடைசியில் அதே பிள்ளை மருந்தகத்துக்கு வந்து, தன்னுடைய மருந்து எத்தனை பெட்டி போனது, எந்த வைத்தியரின் துண்டுக்குப் போனது என்று எங்களிடம் விசாரிப்பதை நீங்கள் அறிவீர்களோ தெரியாது. உங்கள் பேனா கணக்கெடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கைப் பொறுத்தே அடுத்த கருத்தரங்குக்கு யாரை அழைப்பது, யாரைப் பேச வைப்பது என்பதும் தீர்மானமாகிறது.

“ஒரு பேனாவுக்கும் ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் நான் விலைபோவேனா?” என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழுவது இயல்பு. இதே கேள்வியை அமெரிக்காவின் ஒரு வைத்தியசாலையில் பயிலுநர் வைத்தியர்களிடம் கேட்டு, 2001 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கம்பனிகளின் ஊக்குவிப்பு தங்கள் மருந்தெழுதலைப் பாதிப்பதில்லை என்று நூற்றுக்கு 61 பேர் சொன்னார்கள். ஆனால் மற்ற வைத்தியர்களும் அவ்வாறே பாதிக்கப்படாமல் இருக்கிறார்கள் என்று நம்பியவர்கள் 16 பேர் மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. 2016 இல் வெளிவந்த இன்னுமொரு பெரிய ஆய்வு, அந்நாட்டில் 2,79,669 வைத்தியர்களின் மருந்தெழுதல் தரவுகளைக் கம்பனிகள் கொடுத்தவற்றின் பதிவேட்டோடு ஒப்பிட்டது. கொடுத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை சாப்பாடுகள். சராசரியாக ஒன்றின் விலை 20 டொலருக்கும் குறைவு. ஒரேயொரு சாப்பாட்டை ஏற்றவர்களிடம்கூட, அந்தக் கம்பனியின் மருந்தை எழுதும் வீதம் ஏற்காதவர்களிடம் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. சாப்பாடுகளின் எண்ணிக்கை கூடக் கூட வீதமும் கூடியது. இது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் ஆய்வு அல்ல என்று நீங்கள் சுட்டிக்காட்டுவீர்கள், சரிதான். ஆயினும், பயனில்லாத ஒன்றுக்கு வருடக்கணக்காகச் செலவழிக்கும் கம்பனி எதையும் நான் கண்டதில்லை.

றெப் கொண்டுவரும் பிரசுரத்தை நம்பாமல் மருத்துவ சஞ்சிகைகளை வாசித்துத் தீர்மானிக்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அறிவேன். அவர்களுக்கு ரோபெகொக்சிப்பின் கதையை நினைவூட்டலாம். 1999 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மூட்டுவலி மருந்தைப் பற்றிய பெரிய ஆய்வு 2000 ஆம் ஆண்டில் மிக மதிப்புள்ள சஞ்சிகையில் வெளிவந்தது. ஒப்பிடப்பட்ட பழைய மருந்தை எடுத்தவர்களைவிடப் புதிய மருந்தை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்ததை, பழைய மருந்து இதயத்தைக் காப்பதால் தோன்றும் வேறுபாடு என்று அதில் விளக்கினார்கள். விற்பனை தொடர்ந்தது. 2004 செப்ரெம்பரில் கம்பனி அந்த மருந்தை உலகச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அதை எழுதிய வைத்தியர்கள் எல்லாரும் வாசித்தவர்கள்தாம். வாசிக்கக் கொடுக்கப்பட்டதைத்தான் வாசித்தார்கள்.

இந்தப் பிரச்சினையைக் கண்டவர்கள் மேற்கு நாட்டினர் மட்டும் அல்லர் என்பதை மருத்துவபீட மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரான சேனக பிபிலேயும் வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் நாட்டின் மருந்துத் துறை பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். அதன் விளைவாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலே அதன் முதல் தலைவரானார். தனியார் துறையில் ஏறத்தாழ 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வெளியே தள்ளப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே மருந்தின் வேறு பெயர்களும், பல மருந்துகளை ஒன்றாகக் கலந்த பயனற்ற சேர்மானங்களும் ஆகும். உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி ஒரே இடத்திலிருந்து கொள்வனவு செய்தபோது, ஒரே மூலப்பொருளுக்கு நாடு முன்னர் எத்தனை மடங்கு கூடுதலாகக் கொடுத்துவந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974 இல் கொலரா பரவியபோது, நாட்டுக்குள் தொழிற்சாலை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று, கூட்டுத்தாபனம் வாங்கிக் கொடுத்த மூலப்பொருளைக்கொண்டு ரெற்றாசைக்கிளின் செய்ய முன்வரவில்லை. கடைசியில் கூடிய விலைக்கு விமானத்தில் மருந்தை இறக்க நேர்ந்தது. வைத்தியர்களில் ஒரு பகுதியினரும் பொதுப் பெயர்களை எதிர்த்தார்கள் என்பதை உங்களுக்கு எழுதும் மடலில் நான் மறைக்கக் கூடாது.

1977 இல் ஆட்சி மாறி, பொருளாதாரம் திறக்கப்பட்டு, கூட்டுத்தாபனத்தின் ஏகபோக இறக்குமதியும் கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில், ஐக்கிய நாடுகள் சபையின் பணியொன்றின் நிமித்தம் கயானாவுக்குச் சென்றிருந்த இடத்தில் பிபிலே காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977 இல்தான். 1982 இல் வங்காளதேசம் தனக்கென ஒரு மருந்துக் கொள்கையைக் கொண்டுவந்து இன்று பெரும் மருந்து உற்பத்தி நாடாக நிற்கிறது. நாம் 2005 இல் தேசிய மருந்துக் கொள்கையை ஏற்று, 2015 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றி, 2016 ஒக்ரோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தோம். பயன் இருந்தது. ஆனால் தனி மருந்துக்கு உச்ச விலை வந்தால், அதனோடு இன்னொன்றைச் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டிய சேர்மானத்தை முன்னுக்குத் தள்ளுவது வியாபாரிக்குச் சாதாரண வேலை. எங்களுக்குப் பெருமளவு மருந்துகளை அனுப்பும் இந்தியாவிலேயே, 2016 இல் 344 வகைச் சேர்மான மருந்துகளை அரசு தடைசெய்ய முற்பட்டு, வழக்குகளில் சிக்கி, 2018 இல் 328 ஐ மீண்டும் தடைசெய்தது. நரம்புவலிக் குளிசையோடு விற்றமினும், அமிலம் குறைக்கும் குளிசையோடு வாந்தி நிறுத்தும் மருந்தும் ஒரே உறையில் அடைக்கப்பட்டு வருவதைப் பார்க்கும்போது, நோயாளிக்கு இரண்டும் தேவைதானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த விடயத்தில் தனியான அனுபவம் ஒன்று உண்டு. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரமும் பற்றரியும் போல மருந்தும் எண்ணி எண்ணித்தான் வந்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கொடியோடு வந்த கப்பலில் இறங்கிய பெட்டிகளில் இருந்தவை எல்லாம் பொதுப் பெயர் மருந்துகளே. பரசிற்றமோல், அமொக்சிசிலின் என்று கரிய எழுத்தில் அச்சிட்ட ஆயிரம் குளிசைப் போத்தல்கள், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ. ஆர். எஸ். பொட்டலங்கள். விற்றமின் பாணிக்கு அங்கே இடமில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்லன். இன்சுலின் இல்லாமல், விசர்நாய்க்கடி மருந்து இல்லாமல் போன உயிர்களை என் தலைமுறை மறக்காது. ஆயினும் இருந்த மருந்துகளைக்கொண்டு உங்கள் மூத்தவர்கள் வைத்தியம் செய்தார்கள். எந்த மருந்து உண்மையில் தேவை, எது அலங்காரம் என்ற பகுப்பு அவர்களுக்குக் கைவந்திருந்தது. பாதை திறந்து, ஏ-9 வீதி வழியாகப் பொருள்கள் வரத் தொடங்கியதும், கம்பனிப் பெயர்களும் அவற்றோடு சேர்ந்து வந்துவிட்டன. இன்று கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் இங்கே பல வீடுகளின் மருந்துச் செலவைத் தாங்குகிறது என்பதையும், “நல்லதாய் விலை கூடினதைத் தாங்கோ, மகன் காசு அனுப்புறவர்” என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதையும் வியாபாரிகள் நன்றாகவே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மகன் இலண்டனில் இருந்தால், அந்த நாட்டின் அரச சேவை வைத்தியர்கள் பெரும்பாலும் பொதுப் பெயரையே எழுதுகிறார்கள் என்பதைத்தான் யாரும் அந்தப் பெற்றோருக்குச் சொல்வதில்லை.

இனி உங்கள் பக்கத்திலுள்ள மிகப் பெரிய நியாயத்துக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வதில் பயனில்லை. “பொதுப் பெயரில் எழுதினால் எந்தத் தரத்தில் எது கொடுக்கப்படும் என்பதற்கு யார் பொறுப்பு? எனக்கு அனுபவத்தில் வேலைசெய்யும் என்று தெரிந்த மருந்தின் பெயரை எழுதுகிறேன்” என்கிறீர்கள். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு நாட்டில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்த அச்சத்தை யாரும் பழிக்க முடியாது. பதிவு விலக்களித்து அவசரமாக வாங்கிய மருந்துகள், 2023 இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்களின் பார்வையைப் பாதித்த சொட்டு மருந்து, தரமற்றவை எனக் கண்டறியப்பட்ட, நோயெதிர்ப்புப் புரத மருந்தான இம்யூனோகுளோபியூலின் குப்பிகள், அவ்விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானது என்று எல்லாவற்றையும் நாம் பத்திரிகையில் வாசித்தோம். ஆனால் இவற்றில் தோற்றது பதிவும் கொள்வனவும் பரிசோதனையும். வியாபாரப் பெயர் ஒன்றைச் சூட்டியிருந்தால் அந்தக் குப்பிகள் நல்லவையாகியிருக்கமாட்டா. மாலையில் நீங்கள் எழுதும் பெயர்களில் மிகப் பல, மருந்தைக் கண்டுபிடித்த கம்பனியின் பெயர்கள் அல்ல. காப்புரிமை முடிந்த அதே மருந்தை இன்னொரு தொழிற்சாலையில் செய்து, பெயர் சூட்டி, றெப் ஒருவரின் சம்பளத்தையும் விலையில் சேர்த்து அனுப்புபவை. அவற்றின் தரத்துக்கு உங்களிடம் உள்ள சான்று என்ன? அனுபவம் என்பீர்கள். வலிப்பு மருந்து, தைரொயிட்டுக்கான தைரொக்சின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் போன்றவற்றில் ஒரே தயாரிப்பைத் தொடர்வது அவசியம் என்பதை ஏற்கிறேன். அங்கே பொதுப் பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் தயாரிப்பையும் குறியுங்கள். பிரஷர் குளிசைக்கும் பரசிற்றமோலுக்கும் அந்த நியாயத்தை நீட்ட வேண்டாம். ஒரு மருந்து வேலைசெய்யவில்லை என்று சந்தேகம் வந்தால் பெயரை மாற்றி எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடாமல், தொகுதி இலக்கத்தோடு அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதினால் மட்டுமே தரம் உயரும். நீங்கள் அமைதியாகப் பெயரை மாற்றினால், மாற்றிய துண்டை வாங்கப் பணமில்லாதவர் அதே பழைய தொகுதியைத் தொடர்ந்து விழுங்குவார்.

எங்கள் பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் பொதுப் பெயரை எழுதினால், எந்தத் தயாரிப்பைக் கொடுப்பது என்ற தீர்மானம் மருந்தகத்துக்கு வந்துவிடும். பத்துப் பெட்டி வாங்கினால் இரண்டு இலவசம் என்ற ‘போனஸ்’ முறை எங்கள் தொழிலில் பழையது. இலாபம் கூடிய பெட்டி முன்தட்டுக்கு வரும். பதிவுபெற்ற மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்க, ஆள் வேறெங்கோ இருக்கும் கடைகளும் நாட்டில் உண்டு. கம்பனியின் கை உங்கள் மேசையிலிருந்து எடுபட்டால் எங்கள் மேசைக்கு வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால் பொதுப் பெயர் எழுதுவதோடு, “இதில் விலை குறைந்தது எது என்று கேட்டு வாங்குங்கோ” என்று நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் எந்த மருந்தகமும் ஏமாற்றத் தயங்கும். மானிப்பாயில் 1860 களிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மண் இது. ஒரு குளிசையின் பெயரையும் அது எதற்கு என்பதையும் நோயாளிக்குத் தமிழில் சொல்வது இங்கே புதுமையாக இருக்க நியாயமில்லை.

கருத்தரங்குகளைப் பற்றி நீண்டு எழுத விரும்பவில்லை. தொழில்சார் தொடர்கல்வி வேண்டும், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவு உண்டு, சங்கங்களின் கணக்கில் பணம் குறைவு, கம்பனி முன்வருகிறது. இந்தச் சங்கிலியை உடைக்க ஒரே நாளில் முடியாது. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட முடியும். பேசுபவர் அந்தக் கம்பனியிடம் கட்டணமோ பயணமோ பெற்றவரா என்பதை முதல் வரியில் சொல்லச் செய்ய முடியும். அமெரிக்கா 2010 இல் சட்டம் இயற்றி, வைத்தியர் ஒவ்வொருவரும் கம்பனிகளிடம் பெற்றதை 2014 முதல் பொதுமக்கள் பார்க்க வெளியிட்டு வருகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 பெப்ரவரியில், சென்னை நிறுவனமொன்றின் வழக்கில், வைத்தியர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களை வரிக்கழிவுக்குரிய வியாபாரச் செலவாகக் காட்ட முடியாது என்று தீர்த்தது. அந்தச் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விடிகிறது என்பதையும் நீதிமன்றம் கண்டுகொண்டது. கடலுக்கு அப்பால் சட்டம் செய்ய வேண்டியிருந்ததை, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறிய இந்த வைத்திய சமூகம் தானாகவே செய்துகொள்ளலாம். பளபளக்கும் ஹோட்டல் மண்டபத்துக்குப் பதிலாக மருத்துவபீட விரிவுரை மண்டபமும், பஃபேக்குப் பதிலாக ஒரு தேநீரும் வடையும் போதும் என்று தீர்மானித்தால் செலவின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

றெப் பிள்ளைகளுக்கும் பிழைப்பு உண்டு. அவர்களை விரட்டச் சொல்லி நான் எழுதவில்லை. நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு வெளியே, கிழமையில் ஒரு நேரத்தைக் குறித்து, மாதிரி மருந்துகளும் பரிசுகளும் இல்லாமல் சந்தியுங்கள். காய்ச்சலோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் காத்திருக்கும் தாய்க்கு முன்னால் அவர்களை உள்ளே எடுக்காதீர்கள். பயிலுநர் வைத்தியர்களும் மாணவர்களும் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு வேலையே இல்லை. 1978 இல் தொடங்கி, போர்க்காலத்திலும் தாக்குப்பிடித்த மருத்துவபீடம் இது. தன் மாணவருக்கு மருந்தியல் பாடத்தோடு, மருந்துப் பிரசுரமொன்றை எப்படி வாசிப்பது, அதில் எந்த எண் பெரிதாகவும் எந்த எண் சிறிதாகவும் அச்சிடப்படுகிறது, ஏன் என்பதையும் ஒரு பாடவேளையிலாவது சொல்லிக்கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1988 இலேயே மருந்து ஊக்குவிப்புக்கான நெறிகளை வெளியிட்டிருக்கிறது. பாடத்துக்கு அடிப்படை தேடி அலைய வேண்டியதில்லை.

கடைசியாக, எங்களால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். என்னைப் போல ஓய்வுபெற்ற மருந்தாளர்கள் சிலர் குடாநாட்டில் இருக்கிறோம். நீரிழிவு, பிரஷர், கொலஸ்ரோல், ஆஸ்மா, வயிற்றெரிவு ஆகிய ஐந்துக்கும் இங்கே அதிகம் எழுதப்படும் மருந்துகளின் பொதுப் பெயர், அவற்றுக்கு யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கும் தயாரிப்புகள், அன்றைய விலை ஆகியவற்றை ஒரே தாளில் அட்டவணையாக்கி, மாதம் ஒருமுறை புதுப்பித்து, கேட்கும் வைத்தியர்களுக்கு இலவசமாகத் தர ஆயத்தமாக இருக்கிறோம். எந்தக் கம்பனியிடமும் ஒரு சதமும் வாங்காமல் அதைச் செய்வோம். அச்சுச் செலவை நாங்களே பகிர்ந்துகொள்வோம். தனியார் நிலையத்தில் உங்கள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, இப்போது கம்பனிக் கலண்டர் இருக்கும் இடத்தில், அந்தத் தாளை வைக்க நீங்கள் சம்மதிப்பீர்களா என்பதை உங்கள் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் கலந்துபேசி அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
ஓய்வுபெற்ற அரச மருந்தாளர் ஒருவர்
யாழ்ப்பாணம்